ரேந்தைக் கட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் டவுனில் ஒரு பழைய மண்டபத்தைக் காலி செய்தார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு நடந்த இடம் அது. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் பார்க்கிறேன், உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய பேப்பர் கட்டுகளுக்கும் நடுவே இரண்டு உருளைத் தலையணைகள் வைக்கோல் பிதுங்கிக் கிடக்கின்றன, பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டின் நிறைய விரல் நீளத்துக்கு மரக்கட்டைகள். நான் சாலையைக் கடந்து வருவதற்குள் தலையணைகள் லாரியில் ஏறிவிட்டன. டின்னை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். "என்ன ஆன்ட்டி இது, பிள்ளைகள் விளையாடுகிற சாமானா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வயதில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் மண்டபத்தைக் காலி செய்யச் சொன்ன பெரியவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் வீட்டு அம்மாமார் அங்கே உட்கார்ந்து வேலை கற்றவர்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவை ரேந்தைக் கட்டைகள். உருளைத் தலையணையில் மாதிரி வரைந்த அட்டையை வைத்து, அதன்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய இந்தக் கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ரேந்தை பின்னுவோம். லேஸ் என்று இப்போது சொல்கிறோம், என் பாட்டி கடைசி வரை ரேந்தை என்றுதான் சொன்னார். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது, மலாய்க்காரர்கள் ரெண்டா என்பதும் அதே சொல்தான். பாட்டி திருநெல்வேலிச் சீமை இடையன்குடிப் பக்கத்திலிருந்து இங்கே மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அவர் ஊருக்கு இந்த வேலை வந்த கதை பலருக்குத் தெரியாது. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷன் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது வேலையும் கூடவே போனது. நம் மொழிக் குடும்பத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் என்று கால்டுவெல்லைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், அவர் மனைவி கற்றுக்கொடுத்த வேலையால் எத்தனையோ பெண்கள் கையில் நாலு காசு பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாமான்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் "இனி யார் இதைச் செய்யப்போகிறார்கள், கண்ணும் தெரியவில்லை" என்றுதான் தூக்கிப் போடுகிறார்கள். கண் தெரியவில்லை என்பது உண்மை. ரேந்தைக்குப் போடும் பருத்தி நூல் தலைமுடி மாதிரி இருக்கும், அறுபது வயதுக்கு மேல் குழல் விளக்கின் கீழ் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்ப்பது பெரிய பாடு. நானும் இரண்டு வருடம் விட்டுவிட்டேன். திரும்பவும் என்னை உட்கார வைத்தது கம்பளி நூல், அதாவது வுல். நூல் கொஞ்சம் தடிமன், ஓட்டைகள் பெரிது, கட்டைகள் குறைவு, ஒரு சால்வைக்கரை சீக்கிரம் வளர்ந்துவிடும், செய்கிறவருக்கும் உற்சாகம் குறையாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 74 வயது, இடது கண்ணில் ஆபரேஷன் ஆனவர். பருத்தியில் ஒரு அங்குலம்கூட முடியாத அவர் வுல்லில் ஒரு சாணுக்கு மேல் பின்னிவிட்டார்.

இந்த வெயில் ஊரில் வுல் எதற்கு என்று கேட்பீர்கள். கேமரன் மலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், ஏர்கோன் பஸ்ஸில் கோலாலம்பூர் போகிற பாட்டிமாரைக் கேளுங்கள். மெல்லிய வுல் ரேந்தை துப்பட்டாவைவிட லேசாக இருக்கும். செட்லாந்து தீவுகளில் பின்னும் கம்பளிச் சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்துவிடலாம். அது ஸ்வெட்டர் ஊசியில் பின்னுவது, கட்டையில் இல்லை, ஆனாலும் வுல் எவ்வளவு மென்மையாக வரும் என்பதற்காகச் சொல்கிறேன். கட்டையில் வுல் போடுவதும் புதிதில்லை. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம், நார்தாம்ப்டன் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே யாக் லேஸ் என்று கம்பளி நூலில் செய்து விற்றார்கள். பெயர்தான் யாக், நூல் ஆட்டு ரோமம்.

ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது நூல். நம் கடைகளில் வுல் என்று விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக், பிளாஸ்டிக் இழை. பார்வைக்கு ஒரே மாதிரிதான். ஒரு துண்டு நூலைக் கத்தரித்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். நிஜக் கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், கறுப்புப் புகை விடும், ஆறியதும் கல் மாதிரி உருண்டு நிற்கும். அக்ரிலிக்கில் பின்னலாம், தப்பில்லை. ஆனால் ரேந்தையை நனைத்து விரித்து வடிவத்தில் நிறுத்துகிற வேலை அதில் நடக்காது, தண்ணீருக்கு அது மசியாது.

நூலில் மழமழப்பாக முறுக்கியதாகப் பாருங்கள். பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருக்கும் வுல் தொட அழகு, ஆனால் ஒரு கட்டையின் நூல் பக்கத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும், தப்பாகப் போட்டதைப் பிரிக்கவே முடியாது. அப்புறம் மாதிரி அட்டை. பருத்திக்குப் போட்ட அட்டையில் வுல் போட்டால் ஓட்டையே தெரியாமல் அடைத்துவிடும். நான் செய்தது இதுதான்: பழைய பருத்தி நூலை ஒரு பென்சிலில் நெருக்கமாகச் சுற்றினேன், 1 சென்டிமீட்டருக்குள் 24 சுற்று வந்தது, வுல்லைச் சுற்றினேன், 12 வந்தது. அதாவது அட்டை இரண்டு மடங்கு ஆக வேண்டும். போட்டோஸ்டாட் கடையில் 200 விழுக்காடு பெரிதாக்கித் தரச் சொன்னேன், ஒரு வெள்ளிகூட ஆகவில்லை.

பின்னும்போது வுல்லை இழுத்துப் பிடிக்காதீர்கள். பருத்தியில் ஒவ்வொரு ஊசிக்கும் கட்டைகளைச் சுண்டி இழுத்து இறுக்கிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம், எனக்கும் கை கேட்கவில்லை. வுல் ரப்பர் மாதிரி நீளும், குண்டூசி இருக்கும் வரை நேராக நிற்கும், ஊசியை எடுத்ததும் சுருங்கி ஓரமெல்லாம் சுருட்டிக்கொள்ளும். கட்டை தன் கனத்திலேயே தொங்கட்டும், அது போதும். ஒரு துண்டு முடிந்ததும் உடனே ஊசிகளை எடுக்காமல் தண்ணீரை மென்மையாகத் தெளித்து, ஒரு இரவும் ஒரு பகலும் அப்படியே காய விடுங்கள். வுல் அந்த வடிவத்திலேயே அடங்கிவிடும்.

இங்கேதான் குண்டூசி முக்கியம். என் அம்மா செய்த கிரீம் நிறக் குழந்தைப் போர்வை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் கடுகு அளவில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில், முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கைவேலை மாதிரி இருக்கும். கிட்டே போனால் அத்தனையும் துரு. சாதாரண இரும்புக் குண்டூசியைக் குத்தி, நனைத்து, மழைக்காலத்தில் காயாமல் விட்டதால் வந்தது. எலுமிச்சைச் சாறு, உப்பு என்று அம்மா என்னென்னவோ போட்டுப் பார்த்தார், போகவில்லை. அதனால் பித்தளை ஊசி அல்லது துருப்பிடிக்காத எஃகு ஊசி மட்டும் வாங்குங்கள். பழைய பித்தளை ஊசிகள் மங்கிப் போயிருந்தால் ஒரு துணிப்பையில் நல்ல உலர்ந்த தவிட்டோடு போட்டு ஐந்து நிமிடம் குலுக்குங்கள், அழுக்கெல்லாம் தவிட்டோடு போய்விடும். முன்பு ரேந்தைக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள், கோழித் தீவனக் கடையில் தவிடு கிடைக்கும்.

வைக்கோல் தலையணையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின் மேல் வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது, அது பைக்குள் மாட்டிக்கொண்டால் வைக்கோல் பூசணம் பிடிக்கும், வண்டும் விழும். பருத்தி உறை போட்டுக் காற்றாட வையுங்கள். மாதம் ஒரு தடவை காலை வெயிலில் ஒரு மணி நேரம், உறையைக் கழற்றி. தலையணை தளர்ந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஒரு பக்கம் தையலைப் பிரித்து நறுக்கிய வைக்கோலை இடித்து இடித்து அடைக்க வேண்டும், கையால் குத்தினால் சுவர் மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி நிற்காது. இலவம்பஞ்சு வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு தடவை அதை அடைத்துப் பார்த்து, ஊசிகளெல்லாம் சாய்ந்து முழு வேலையும் கோணிப்போனது.

கட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள், மரம் உப்பி வெடித்துவிடும். பூசணம் இருந்தால் வெளியில் வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, லேசாக நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். கழுத்துப் பகுதியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு சிலாம்பு இருந்தாலும் வுல் அதில் மாட்டும். நைஸான மணல் தாள் இரண்டு தேய், அப்புறம் கொஞ்சம் தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்கு வாடை வரும், நூலிலும் கறை ஏறும்.

கடைசியாக ரப்பர் பேண்ட். பால்மரத்தை நம்பி வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவள் நான், ரப்பரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பாட்டியின் 24 கட்டைகளை வீடு மாறும்போது நான்தான் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி மைலோ டின்னில் வைத்தேன். ஏழு எட்டு வருடம் கழித்துத் திறந்தபோது ரப்பர் உருகி, தார் மாதிரி மரத்தில் ஊறியிருந்தது. சில கட்டைகளின் அடியில் கோத்திருந்த பித்தளை வளையங்கள் கறுத்துவிட்டன, ரப்பரில் கலக்கும் கந்தகம் உலோகத்தைக் கறுக்க வைக்கும். மூன்று கட்டைகளின் கழுத்தை என்னால் மீட்க முடியவில்லை. இருபத்தொன்று இருக்கின்றன. ஜோடி ஜோடியாகத்தான் பின்ன முடியும் என்பதால் இருபதுதான் வேலைக்கு ஆகும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து நாடாவாக்கிக் கட்டுங்கள், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வுல் நூலையும் முடித்த ரேந்தையையும் வைக்கும்போது அந்துப்பூச்சியை மறக்காதீர்கள். அது பருத்தியைத் தொடாது, கம்பளியைத்தான் தேடி வரும், வியர்வை பட்ட இடத்தை இன்னும் விரும்பும். அதனால் கை கழுவிவிட்டுப் பின்னுங்கள், கழுவிக் காய வைத்த பிறகே எடுத்து வையுங்கள். கழுவ ஷாம்பு போதும், வெந்நீரும் கசக்குவதும் ஆகாது, வெளுப்பு மருந்து பட்டால் கம்பளி கரைந்தே போகும். பூச்சி விழுந்துவிட்டது என்று சந்தேகமானால் பையில் இறுக்கிக் கட்டி ஃபிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள், குளிர் முழுக்கப் போன பிறகு திறந்தால்தான் நூலில் ஈரம் படியாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் ஞாயிறு பதிப்பில் மகளிர் பக்கத்தில் சமையலும் அழகுக் குறிப்பும் வருகின்றன, நானே படிக்கிறேன். அதில் மாதம் ஒரு முறை கால் பக்கம் ரேந்தைக்குக் கொடுங்கள். நாட்டில் எங்காவது ஒரு தோட்டத்துப் பாட்டி இன்னும் மாதிரி அட்டைகளை டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார், அவற்றைப் படம் எடுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பின்னலுக்கும் அவர்கள் வைத்த பெயரைக் கேட்டு எழுதுங்கள். என் பாட்டி ஒன்றை "மீன்கண்" என்பார், இன்னொன்றை "எட்டுக்கால்" என்பார், மற்றவற்றின் பெயரை நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அந்தப் பிஸ்கட் டின்னில் மொத்தம் 58 கட்டைகள் இருந்தன, துடைத்து மெழுகு போட்டுவிட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், ஆசிரியர் எனக்குச் சொல்லி அனுப்பட்டும். சனிக்கிழமை காலையில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் எங்கள் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிறோம். தலையணைதான் ஒன்று குறைகிறது, வைக்கோல் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.