வாசலில் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூட்டுக் குடியிருப்புகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆளுக்கொரு வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையல்கூடம், எதையும் கூடி உட்கார்ந்து முடிவு செய்வது. 1972-ல் டென்மார்க்கில் இப்படித் தொடங்கிய ஏற்பாடு இன்று நம் பக்கமும் வந்துவிட்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில், பதினான்கு வீடுகள் உள்ள அப்படியொரு வளாகத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். கட்டுரையில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் ஆபத்து இருப்பது கண்ணில் பட்டால் அதை யாரிடம், எப்படிச் சொல்வது?

எங்கள் கடைசி வீட்டில் ஒரு சார் தனியாக இருக்கிறார். மனைவி தவறி இரண்டு வருடம் ஆகிறது. போன ஐப்பசியில் இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்துபோய், கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதல் தடவை பக்கத்து வீட்டு அம்மா வாடை பிடித்து ஓடிப்போய் மூடினார். இரண்டாம் தடவை, மூடிய கையோடு ஒருவர் பால் வழிந்து கிடந்த அடுப்பைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். “எல்லோர் உயிருக்கும் ஆபத்து. இவரை என்ன செய்யலாம்?” என்று கேள்வி வேறு. ஒரு மணி நேரத்தில் ஆளாளுக்கு யோசனை. மகனை வரச் சொல்லலாம், முதியோர் இல்லம் பார்க்கலாம் என்றெல்லாம் எழுதினார்கள். அந்தக் குழுவில் சாரும் இருக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் பொதுச் சமையல்கூடத்துக்குக் காபி குடிக்க வரவில்லை. எட்டு நாள் வரவில்லை. அவருடைய பித்தளை டபரா மட்டும் அலமாரியில் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது. ஒன்பதாம் நாள் மனசு கேட்காமல் போய்க் கதவைத் தட்டினேன். “ஏம்மா, என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே அடுப்பை மாத்தியிருப்பேனே. என்னை வெச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசினா எப்படி?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே நேரம் வைத்தால் தானாக அணையும் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினார். மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் அவராகவே கொடுத்து வைத்தார். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஒரு மனிதரை எட்டு நாள் வீட்டுக்குள் முடங்க வைத்தோம்.

அதற்காக எல்லாவற்றையும் நயமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. கேஸ் வாடை வந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கரண்ட் கசிவும் இப்படித்தான். எங்கள் மோட்டார் கொட்டகையில் அடைமழை நாட்களில் சுவிட்சுப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பாதிப் பேருக்கு அது தெரியும். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளுக்காள் நினைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலத்தை ஓட்டியிருக்கிறோம்! கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அதைச் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டோம். அப்புறம்தான் கொட்டகை ஆணியில் ஒரு நோட்டு தொங்கவிட்டோம். என்ன பார்த்தோம், என்றைக்கு, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அதில் எழுத வேண்டும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது இன்னொன்று. “வெளியாட்கள் கேட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதுகாப்பே இல்லை” என்று ஒரு நாள் குழுவில் செய்தி. போய்ப் பார்த்தால், எதிர் வயலில் நடவுக்கு வந்த வங்காளத்து ஆட்கள் புங்க மரத்து நிழலில் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்டாவில் இன்று எத்தனையோ வயல்களில் நடவு அவர்கள் கையில்தான் நடக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம், பார்த்தால் பயமாக இருக்கிறதாம். ஒருவர் செய்த காரியத்தைச் சொல்லுங்கள், பேசலாம். அவருடைய ஊரையும் தோற்றத்தையும் ஆபத்து என்று எழுதாதீர்கள் என்று கூட்டத்தில் சண்டையே போட்டேன். அதே கூட்டத்தில்தான், எதிர்வீட்டு வராந்தாவைப் பார்த்தபடி இருந்த ஒரு கேமராவையும் கேட் பக்கம் திருப்ப வைத்தோம். அந்த வீட்டுப் பெண் வராந்தாவில் துணி உலர்த்துவதையே நிறுத்தியிருந்தாள்.

அந்தக் காலத்துத் தெருவில் இந்தப் பிரச்சினையே இல்லை, திண்ணையே காவல் என்பார்கள். நானும் திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்தவள்தான். ராத்திரி யாராவது விடாமல் இருமினால் ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கஷாயம் வரும், உண்மைதான். எந்தப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று கணக்கு வைத்ததும் அதே திண்ணைதான். எனக்கு அந்தக் கஷாயம் வேண்டும், அந்தக் கணக்கு வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906. எங்கள் பதினான்கு வீடுகளில் மூன்று வீட்டாருக்குத்தான் அது தெரிந்திருந்தது. அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது கட்டம் கட்டிப் போடுங்கள். நாங்கள் வெட்டி ஒவ்வொரு சமையலறையிலும் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம் வட்டம்