பெட்ரா படங்களைப் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு.

ஜோர்டானில் நீ வரைந்து அனுப்பியதில் பெட்ராவில் பாறையைக் குடைந்து செய்த கருவூல முகப்பைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூடத் தயங்கவில்லை. ஆனால் அச்சுக்குத் தரமாட்டேன், அடுத்தவர் கை பட்டால் என் கோடு செத்துப்போகும் என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அதே முகப்பை 1839 மார்ச்சில் வரைந்தவர் டேவிட் ராபர்ட்ஸ். எடின்பரோ பக்கம் செருப்புத் தைப்பவரின் மகன். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கப் பழகி, நாடகத்துக்குத் திரை எழுதி மேலே வந்தவர். 1838இல் எகிப்து போனார். நைல் நதியில் அபு சிம்பெல் வரை படகு, பிறகு சினாய், பெட்ரா, ஜெருசலேம், பால்பெக். கெய்ரோ மசூதிகளில் வரைய, பன்றி முடித் தூரிகை கூடாது என்றார்கள். சரியென்று ஒத்துக்கொண்டார்.

அவர் படங்களை அச்சுக்காகக் கல்லில் ஏற்றியவர் லூயி ஹாகே, பெல்ஜியத்துக்காரர். பிறவியிலேயே வலது கை ஊனம், எல்லாம் இடது கையால்தான். அச்சகத்தில் பிளேட் போட்டே காலம் கழித்த எனக்கே அந்த வேலையை நினைத்தால் மலைப்பு. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கிரேயானால் இடவலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைப் பிடிக்கும், கோடு மட்டும் மையை வாங்கும். லேசான வண்ணச் சாயலுக்குத் தனிக் கல். வெயில் விழும் இடத்தில் சாயலை விட்டுவிட்டால் காகிதத்தின் வெள்ளையே வெளிச்சம். இப்படி ஏறக்குறைய 250 படங்கள், 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வந்தன. சந்தா கட்டியவர்களில் விக்டோரியா ராணியும் உண்டு. ராபர்ட்ஸின் கோடு செத்துப்போகவில்லை, செல்வி. ஹாகே இல்லாவிட்டால் அத்தனை பேர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சிவகாசியில் நல்ல கைக்காரர்கள் எனக்குத் தெரியும். ஒரே ஒரு பக்கம் கொடு. புரூஃப் பார், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. முதலில் வேளைக்குச் சாப்பிடு.

ராபர்ட்ஸ் அத்தனை தூரத்திலிருந்து மகள் கிறிஸ்டீனுக்குக் கடிதம் எழுதினார். பாலைவனத்தில் அலைந்த மனுஷனுக்கு முடிந்தது, சென்னையில் இருக்கும் உனக்கு போனை எடுக்க முடியவில்லையா?

உன் ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். வேறொரு பெண் எடுத்தாள். நீ அங்கே இல்லை என்றாள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. நீயும் இப்போது சொல்ல வேண்டாம். உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். பேப்பர், பென்சில் வாங்கத்தான். வாடகைக்கும் ஆகும்.

வருவதாக இருந்தால் முதல்நாள் சொல், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். படம் வரைந்த நோட்டைப் பெட்டியில் போடாதே, மடங்கிவிடும். கையில் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா