ரப்பி ஹெபரையும் எழுதுங்கள்

இஸ்ரேலின் ஹரேதி யூதர்களை (மத நெறிகளை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள்) பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அவர்களில் பலர் ராணுவச் சேவைக்குச் செல்லாத விவகாரம் முக்கியம்தான், சரி. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு சமூகத்தையே எடைபோடுவது நியாயமில்லை. ஜெருசலேமைச் சேர்ந்த மதகுரு ரப்பி யெஷயாஹு ஹெபர், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தவர். கொடையாளர் ஒருவரால் பிழைத்தார். உடன் சிகிச்சை பெற்ற இளைஞரோ பிழைக்கவில்லை. அந்த வேதனையில் 2009இல் மனைவி ரேச்சலுடன் சேர்ந்து சிறுநீரகக் கொடையாளர்களைத் தேடித்தரும் ‘மத்னாத் ஹாயிம்’ அமைப்பைத் தொடங்கினார். முன்பின் தெரியாதவருக்குச் சிறுநீரகம் தர நூற்றுக்கணக்கானோர் முன்வந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் மதப்பற்று மிக்கவர்கள். 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

என் அண்ணனும் டயாலிசிஸில் இருந்தவர். ‘சிறுநீரகம் கொடு’ என்று கூடப்பிறந்தவர்களிடம்கூட அவரால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. நோயாளிக்காக வேறொருவர் போய்க் கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். ரப்பி ஹெபர் அதைத்தான் செய்தார். அவரது அமைப்பு கொடையாளர்களை எப்படித் தேடுகிறது, எப்படிப் பரிசோதிக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் ஒரு முழுப்பக்கக் கட்டுரையாக வெளியிட வேண்டும்.

- வாசகர், திருச்சி