கடல் அப்பளம்

தரங்கம்பாடி,
தை 22.

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். ஆனாலும் காலையில் கடற்கரைக்கு வராமல் இருக்க மாட்டேன் என்கிறார்.

பேத்தி குட்டி இங்கிருந்து கட்டி எடுத்துப் போன கடல் அப்பளப் பையால் கார் நாறியதற்காக மாப்பிள்ளைக்கு என் மேல் இன்னும் கோபமா? "காய்ந்த கிளிஞ்சல்தானே அம்மா, அது எப்படி அப்படி நாறும்?" என்று போனில் நீ கேட்டபோது குட்டி பக்கத்தில் இருந்தாள். அதனால் மழுப்பிவிட்டேன். உண்மை என்னவென்றால், லீவுக்கு வந்தபோது அவள் கோட்டைக்கு முன்னால் பொறுக்கிய பழுப்பு வில்லைகள் எல்லாமே உயிரோடு இருந்தவை. நான் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டே, "பையில் கட்டி வைடா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது, குழந்தையைத் திட்டாதே.

நீ சின்ன வயதில் அதற்குக் கடல் அப்பளம் என்று பெயர் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? சாண்ட் டாலர் என்கிறார்களே, அதேதான். டாலரைவிட அப்பளம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அது கிளிஞ்சல் வகையே இல்லையாம். நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. அதனால்தான் முதுகில் ஐந்து இதழ் பூ. வெள்ளையாக நாம் பார்ப்பது அதன் எலும்புக்கூடுதான். உயிரோடு இருக்கும்போது உடம்பு முழுக்கப் பொடி முள் மூடி, வெல்வெட் துணி போல, பழுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். அந்த முள்ளை அசைத்துத்தான் மணலில் நகரும். மணலோடு கிடக்கும் நுண்ணிய பாசியைத் தின்னும். ஆறிலிருந்து பத்து வருஷம்வரை வாழும் என்கிறார்கள். அந்தப் பையில் இருந்ததில் ஒன்றிரண்டுக்கு நம் குட்டியின் வயதே இருந்திருக்கலாம்.

"கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டோம்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். அதை மாற்றிச் சொல்லிவிடு. ஏழு வயதுக்கு இது புரியும். ஒரு நாள் அழுவாள், அழட்டுமே. மறைத்தால் அடுத்த லீவுக்கும் ஒரு பை நிறையக் கட்டுவாள்.

அடுத்த முறை வரும்போது நானே காட்டித் தருகிறேன். உள்ளங்கையில் கவிழ்த்து வைத்து ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். முள் மெல்ல அசைந்தால் உயிர் இருக்கிறது. கையில் மஞ்சள் கறை ஒட்டினாலும் அப்படித்தான். கறையால் ஒன்றும் ஆகாது. அதைக் கரையிலிருந்து வீசாமல், முழங்கால் தண்ணீரில் இறங்கி மணல்மேல் வைத்துவிட்டு வர வேண்டும். முள் அசையவில்லை, ஆனால் உதிரவும் இல்லை என்றால் சந்தேகக் கேஸ். அதையும் தண்ணீரிலேயே விட்டுவிடுவது நல்லது. முள் உதிர்ந்து, வெளுத்து, பூ நன்றாகத் தெரிவதை மட்டும் எடுக்கலாம். பவளத் துண்டு, கடல் அட்டை எது கிடந்தாலும் கை வைக்கக் கூடாது. அவற்றுக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

இப்போது ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் 11 கடல் அப்பளம் இருக்கிறது. இதைச் சேர்க்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்துக் கரையில் தள்ளும், ஆனால் பாதிக்கு மேல் உடைசல்தான். பொங்கல் கழிந்து அலை அடங்கினால் முழுசாகக் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக இறங்கும். அந்த நாட்களில் விடியும் முன்பே போய்விடுவோம். ("கடல் உள்வாங்குகிறது" என்று மட்டும் அப்பா சொல்ல மாட்டார். 2004-க்குப் பிறகு அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது.) மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கல் கொட்டிக் கிடப்பதால் அங்கே ஒன்றும் தேறாது. வடக்கே வலை உலர்த்தும் மணல்தான் நமக்கு.

சுத்தம் செய்வதில் நான் பட்ட பாட்டையும் கேள். முதல் தடவை, பித்தளைக் குத்துவிளக்கு விளக்குகிற பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்தேன். பூவின் கோடு மங்கி, மேலெல்லாம் பழுப்பு ஏறிவிட்டது. முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் கரையும் என்று உனக்குப் பள்ளிக்கூடத்தில் காட்டினார்களே, அதே கதைதான். இதுவும் சுண்ணாம்புப் பொருள், புளிப்பு எதுவும் ஆகாது. இரண்டாம் தடவை, வெள்ளைத் துணிக்கு ஊற்றும் பிளீச்சில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் எடுத்தால் நனைந்த பிஸ்கட் மாதிரி கையிலேயே உதிர்ந்தது. அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இப்போது பக்குவம் வந்துவிட்டது. முதலில் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் காபி நிறமாகும், கொஞ்சம் நாறும். தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருந்தால், சில நேரம் இரண்டு நாள் ஆகிவிடும். அப்புறம் மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து, ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு கோட்டுக்குள் தங்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில்தான் செய்வேன். பாத்ரூம் கழுவும் ஆசிட் எதுவும் பிளீச்சோடு சேரவே கூடாது, விஷ வாயு வரும். உன் வீட்டில் இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பதைப் பார்த்தேன், முதலில் பிரித்து வை.

எடுத்ததும் நிறையத் தண்ணீரில் அலசி, மெத்தென்ற பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு, முறத்தில் துணி விரித்து வெயிலில் வைத்துவிடுவேன். கடைசியில் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, ஒரு பக்கம் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் பூச வேண்டும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் போய்விடும், ஓடும் கெட்டிப்படும். குட்டி கொலுவில் கடற்கரை வைக்கப்போகிறேன் என்றாளே, அதற்கு இது தாங்கும். ஓரத்தில் இரண்டு கீறல் உள்ளவற்றில் நூல் கோத்துத் தோரணமாகவும் கட்டலாம். ஊசியால் புதுசாகத் துளை போடப் பார்க்காதே, பிளந்துவிடும்.

போன வருஷம் அனுப்பியது தூளாகத்தான் வந்து சேர்ந்தது என்றாய். கூரியர்காரர்களைச் சொல்லி என்ன, நான்தான் நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பஞ்சில் வைத்து, அதிரச டப்பாவுக்குள் அடுக்கியிருக்கிறேன். மேல் அடுக்கில் கொஞ்சம் அதிரசமும் இருக்கிறது.

மஞ்சள் நூல் சுற்றிய ஒன்றுக்கு மட்டும் பசை பூசவில்லை. ஓரம் கொஞ்சம் சிதைந்தது, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கலகலக்கும். அதைக் குட்டியையே உடைக்கச் சொல். அதன் வாய்க்குள் இருந்த ஐந்து சின்ன வெள்ளைத் துண்டுகள் விழும். ஒவ்வொன்றும் சிறகை விரித்த பறவை போல இருக்கும், ஆனால் அவைதான் அதன் தாடை. காரில் போனவற்றைப் பற்றி அந்த நேரத்தில் சொன்னால் அவளுக்குப் புரிய வைக்கச் சுலபமாக இருக்கும். கறுப்புத் துணி விரித்துக்கொள்ளச் சொல், இல்லாவிட்டால் தரையில் விழுந்து காணாமல் போய்விடும்.

அம்மா