ஒரு வருடமாக என்னை எழுப்பி நடக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சேலம் அம்மாப்பேட்டையில் பட்டுத் தறி நெய்கிறேன். வயது 54. போன ஆடியில் எனக்கு மாரடைப்பு வந்தது, இந்த ஆடியோடு வருடம் ஒன்று ஆகிறது. போன வாரம் டாக்டர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். "ஆஸ்பிரினை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போதே யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் எதிர்வீட்டு அக்கா. அன்று காலையிலிருந்து எனக்குத் தாடை வலித்தது. முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே யாரோ அழுத்துவது போல இருந்தது. இரண்டு முறை வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், நானும் நம்பினேன். அக்கா வந்து என் முதுகில் கை வைத்துப் பார்த்தார். ரவிக்கை வேர்வையில் நனைந்து கிடந்தது. "இது வாய்வு இல்ல கண்ணு, எந்திரி" என்று ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். இசிஜி எடுத்த உடனே நர்ஸ் என் உள்ளங்கையில் மாத்திரைகளை எண்ணி வைத்தார். மொத்தம் 14. அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023-லிருந்து தருகிற முதல் மருந்து அதுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அதற்குள் 108 வந்துவிட்டது. பெண்களுக்கு நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் இப்படியும் மாரடைப்பு வரும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற அக்கா தங்கைகள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாயை வைத்தார்கள். செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்தது. வார்டில் எனக்கு இருந்த ஒரே கவலை வலது கை. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்டக் கயிறு இழுக்கிற கை அது, மணிக்கட்டெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. பிசியோதெரபி தங்கச்சி, "தறியில என்ன பண்ணுவீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். கட்டிலில் உட்கார்ந்தபடியே காற்றில் மிதியை மிதித்து, கயிற்றை இழுத்து, நூலை நெருக்குகிற பண்ணையை அடித்துக் காட்டினேன். ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, "இது உங்களால முடியும். ஆனா முதல்ல நடக்கணும்" என்றார். 'முடியும்' என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியை விட வீடுதான் கஷ்டமாக இருந்தது. எக்கோ என்கிற இதய ஸ்கேனில், இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற பம்பிங் 40 சதவீதம்தான், குறைவு என்று எழுதியிருந்தார்கள். விடிந்ததும் எல்லார் வீட்டுத் தறியும் சத்தம் போடும், என் தறி மட்டும் சும்மா கிடக்கும். எழுந்திருக்கவே மனம் வராது. சுருக்கென்று ஏதாவது குத்தினால் மறுபடி வந்துவிட்டதோ என்று கை கால் நடுங்கும். காரணமே இல்லாமல் அழுவேன். மருந்து வாங்கப் போனபோது இதை நர்ஸிடம் சொன்னேன். "நிறைய பேருக்கு இப்படி இருக்கும்மா, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி பாரம் இறங்கியது. மீதியை டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

எனக்குள்ளிருந்து தைரியம் பிறந்து எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். எதிர்வீட்டு அக்கா தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்பார். கூப்பிடமாட்டார், வற்புறுத்தமாட்டார், சும்மா நிற்பார். வயதில் பெரியவர் பனியில் நிற்கிறாரே என்பதற்காகவே எழுந்து வந்தேன். முதல் நாள் தெருமுனை வரை 5 நிமிடம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பேச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அக்கா வழியெல்லாம் பேச்சுக் கொடுப்பார். நான் பதில் சொல்ல மூச்சு வாங்கினால் சட்டென்று நின்று, யார் வீட்டுக் கோலத்தையாவது பார்க்கிற மாதிரி நிற்பார். எனக்காக நிற்கிறார் என்று ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பாப்பா பிளஸ் டூ படிக்கிறது. தினமும் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்னால் நான் நடந்த நிமிடத்தை எழுதித் தரும். 5, 6, 6, 8. காய்ச்சல் வந்த நாளில் 'ஓய்வு' என்று எழுதியது. அந்தத் தாள்களை மாத்திரை டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். இப்போது 35 வரை வந்திருக்கிறது. குமரகிரி அடிவாரம் வரை நடக்கிறோம். டாக்டர் சரி என்ற பிறகு கொஞ்சம் படியும் ஏறினேன். திரும்பி வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை மேல் மேகம். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார், நான் அழுதுவிட்டேன். இது வேறு அழுகை.

எங்கள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் அளவுதான் என்று சொன்ன நாளிலிருந்து அவரும் அதே சாப்பாடுதான். ஊறுகாய் ஜாடியை அவராகவே தங்கச்சி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நான் தறியில் திரும்ப உட்கார்ந்த அன்று பக்கத்தில் அமர்ந்து நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தார். ஒரு சாண் நெய்தேன். போதும் என்று அவரே விளக்கை அணைத்தார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல், கொடுக்கிற முதலாளிக்கும் நன்றி. வாங்கிய அட்வான்ஸைப் பற்றி இந்த ஒரு வருடத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தட்டுவடை செட்டுக் கடை அண்ணனை விட்டுவிடக் கூடாது. நான் கடையைத் தாண்டும்போதெல்லாம் கேரட், பீட்ரூட், வெங்காயத்தை மட்டும் ஒரு தட்டில் வைத்து, எலுமிச்சை பிழிந்து, உப்பில்லாமல் நீட்டுவார். காசு வாங்கமாட்டார்.

போன வருடம் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை நடந்தபோது நான் வார்டில் படுத்திருந்தேன். இந்த வருடம் தெருமுனையில் நாற்காலி போட்டு, சாமி வேடம் கட்டிய பிள்ளைகள் வண்டியில் போவதை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். போன மாத எக்கோவில் பம்பிங் 52 சதவீதம்.

அக்கா, வெள்ளிக்கிழமை உங்கள் பாவு நீட்ட ஆள் வேண்டும் என்றீர்களே, நான் வருகிறேன். கனம் தூக்குகிற வேலை மட்டும் வேண்டாம், இழை முடிந்து கொடுக்கிறேன். இந்த முறை ஐந்தே முக்காலுக்கு உங்கள் வாசலில் நான் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரி