மே மாதத்தில் கடலோர ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை விட்டால் போதும், தர்மபுரி, பென்னாகரம் பக்கமிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடி, பூம்புகார் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒகேனக்கலில் விழுகிற காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்க ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஊர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் டேனிஷ் கோட்டை இருக்கிறது, சூரிய உதயம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத் தேதி மட்டும் இருப்பதில்லை. அதையும் போடுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். நம் மே மாத விடுமுறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அப்போது கட்டுமரமும் ஃபைபர் படகும்தான் கரையோரமாகப் போய் வரும். கிடைப்பது மத்தி, நெத்திலி, நண்டு மாதிரி. கடையில் பெரிய வஞ்சிரம் கிடந்தால் அது கேரளம், கர்நாடகத்திலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கலாம். அங்கே தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. கடற்கரையில் வாங்கினோம் என்பதற்காக அது அன்றைக்குப் பிடித்த மீன் ஆகிவிடாது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் வேண்டும். செவுள், குடல் எடுத்துக் கழுவி, தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், திரும்ப ஐஸ் என்று அடுக்க வேண்டும். பெட்டியின் அடி மூலையில் ஒரு துளை அவசியம். உருகிய தண்ணீரிலேயே ஊறினால் சதை குழைந்துவிடும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும்.

குளிப்பது பற்றி. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவை ஒட்டி இறங்கவே கூடாது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் தட்டையாகத் தெரிந்தால் அது அமைதியான இடமல்ல. கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. ஆற்று நீச்சல் தெரிந்த நம்மவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. இழுத்துவிட்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து திரும்ப வேண்டும்.

தங்குகிறவர்கள், எந்தக் குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் உப்பு. காய வைத்த வலைமீது செருப்புக் காலோடு நடக்காதீர்கள். திரும்பியதும் பைக், வேனின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் துரு பிடிக்கும்.

என்னைக் கேட்டால் மே மாதமே வேண்டாம். தர்மபுரியில் வெயில் காயும். கடலோரத்தில் வியர்வை காயாது. தை, மாசியில் ஒரு சனி ஞாயிறு போதும். கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே மீன் வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்.