லெவன்வொர்த் வரலாற்றுக்கூடம்: சீரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

கன்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் நகரில் உள்ள நம் கூடத்தின் வேலை முடிந்துவிட்டது. கூரை, மழைநீர்க் குழாய், வயரிங், கழிப்பறை எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. செலவு ஏறியது தெற்குச் சுவரில்தான். பணம் எங்கே போனது என்று பொதுக்குழுவில் கேட்டவர்களுக்கு அதை முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

செங்கல் இடுக்குகளை நிரப்பும் பாயிண்டிங் வேலையைச் சுண்ணாம்புக் கலவையில் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தோம். ஒப்பந்ததாரர் சிமென்ட்டில் ஆரம்பித்தார். கேட்டால், சிமென்ட்தான் பலம், சீக்கிரமும் முடியும் என்றார். அந்தப் பலம்தான் ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் மென்மையானது. சுவருக்குள் இறங்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் வைத்து அடைத்தால் செங்கலிலேயே தங்கும். கன்சாஸ் குளிரில் உறைந்து விரியும்போது செங்கலின் முகம் பெயர்ந்து விழும். பூசியதைக் கையுளியால் எடுக்கச் சொன்னோம். கூடுதல் கூலி கேட்டார், மறுத்தோம், பாதியில் விட்டுப் போனார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதற்குள் பனி வந்துவிட்டது. உறைபனியில் சுண்ணாம்புப் பூச்சு நிற்காது, வசந்தம்வரை காத்திருந்தோம். சாரத்தின் வாடகை ஏறியது அதனால்தான். நாளைக்கே இதே நிலை வந்தாலும் குழு இதே முடிவைத்தான் எடுக்கும்.

அடுத்தது காட்சிப் பலகைகள். ஊரை ஒட்டிய ராணுவக் கோட்டைக்கு அவற்றில் இவ்வளவு இடமா என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். மிசௌரி ஆற்றின் மேற்குக் கரையில் கர்னல் ஹென்றி லெவன்வொர்த் முகாம் அமைத்தது 1827இல். அதுதான் இந்தக் கோட்டை. நகரம் பிறந்தது 1854இல், கன்சாஸ் பிரதேசம் குடியேற்றத்துக்குத் திறந்த பிறகு. அக்கரையில் இருந்த வெஸ்டன் ஊர்க்காரர்களும் கோட்டை அதிகாரிகள் சிலரும் சேர்ந்து மனை பிரித்தார்கள். அது டெலவேர் என்னும் பழங்குடி மக்களின் நிலம். முறைப்படி விற்பனைக்கு வருமுன்பே குடியேறிவிட்டார்கள். பலகையில் இதை அப்படியே எழுதியிருக்கிறோம். அந்த வரியை எடுத்தால் நன்கொடையைக் கூட்டித் தருவதாக ஒருவர் சொன்னார். எடுக்கவில்லை.

கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட பத்தாவது குதிரைப்படை 1866இல் இந்தக் கோட்டையில்தான் உருவானது. அவர்களைச் சதுப்பான தாழ்நிலத்தில் தங்கவைத்த அவலமும் பலகையில் இருக்கிறது. 1992இல் அந்தச் சிப்பாய்களுக்கான நினைவுச்சின்னத்தை அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி காலின் பவல் திறந்துவைத்ததும் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவர் 1926இல் இங்கே ராணுவப் பள்ளியில் முதலிடம் பெற்றதற்குச் சிறு பலகை போதும் என்று முடிவு செய்தோம். ஊருக்கே தெரிந்த கதை அது.

அப்புறம், கொடுத்தவர்கள். டெலவேர் தெருக் கடைக்காரர்கள், செரோக்கி தெருக் குடும்பங்கள், ஓய்வுக்குப் பின் இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட ராணுவ அதிகாரிகள், சிறைச்சாலை ஊழியர்கள், தேவாலயச் சபைகள், உண்டியல் உடைத்துக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகள், சாரத்தின் வாடகைக்கென்றே இரண்டாம் முறையும் கொடுத்த மூத்த உறுப்பினர்கள்: எல்லாப் பெயர்களும் நுழைவாயிலில் இருக்கின்றன. தொகை வரிசையில் போடவில்லை, பணம் வந்த வரிசையில் போட்டிருக்கிறோம். இதிலும் மனத்தாங்கல் உண்டு என்று தெரியும். சிறு தொகை கொடுத்தவர் அடியில் தேடி நிற்பதைக் குழு விரும்பவில்லை.

ரசீதுகளும் ஒப்பந்ததாரருடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

சீரமைப்புக் குழு